உண்ணிக் காய்ச்சல்: முதியவர்களுக்கு ஏன் ஆபத்து?

அமெரிக்காவின் தென்கிழக்கு, தென்மத்திய மாநிலங்களில் கோடைக்காலத்தில் உண்ணிக் கடியால் பரவும் நோய் எர்லிக்கியோசிஸ். சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கி, சிலருக்குச் சிறுநீரகம், நுரையீரல், கல்லீரல் என ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்துவிடும். முதியவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுமே இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

எப்படிப் பரவுகிறது?

முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளியுள்ள 'லோன் ஸ்டார்' பெண் உண்ணியைப் பார்த்ததும் அடையாளம் காணலாம். இந்த வகை உண்ணி வெள்ளைவால் மானின் இரத்தத்திலிருந்து இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாவைப் பெற்று மனிதருக்குக் கடத்துகிறது. ஆர்கன்சாவில் உண்ணிக் கடிக்கு ஆளான ஒருவரிடம் 1986இல் இந்நோய் முதன்முதலில் தெரியவந்தது. அங்குள்ள ஃபோர்ட் சாஃபி ராணுவ முகாமின் பெயரையே பாக்டீரியாவுக்குச் சூட்டி, 'எர்லிக்கியா சாஃபியென்சிஸ்' என்று அழைக்கிறார்கள்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளையணுக்களுக்குள்ளேயே புகுந்து இந்தப் பாக்டீரியா பெருகுகிறது. உண்ணி கடித்த 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல், தலைவலி, கடும் உடல்வலி தொடங்கும். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குறையும். கல்லீரல் நொதிகள் உயரும். எதிர்ப்பாற்றல் கட்டுமீறிப் பொங்கும்போது உடல் தன் உறுப்புகளையே சேதப்படுத்திக்கொள்கிறது. பெரியவர்களில் பலருக்குத் தோலில் தடிப்பே வராது என்பதால் நோயை ஊகிப்பது கடினம்.

பரிசோதனைக்குக் காத்திருக்கலாமா?

கூடாது. முதல் வாரத்தில் எதிர்ப்புப் பொருள் பரிசோதனை பெரும்பாலும் 'இல்லை' என்றே காட்டும். பி.சி.ஆர். பரிசோதனை அப்போது உதவும்; ஆனால் அதன் முடிவு வரும்வரையும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. சந்தேகம் எழுந்தவுடன் டாக்சிசைக்ளின் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டல். பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை. பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படாது.

தடுப்பூசி கிடையாது. புதர், புல்வெளிகளில் நடந்தால் முழுக்கை, முழுக்கால் ஆடை அணிந்து, வீடு திரும்பியதும் அக்குள், தொடையிடுக்கு, தலைமுடி ஆகியவற்றைச் சோதியுங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியைச் சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். நெருப்போ எண்ணெயோ வேண்டாம். பிறகு காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் உண்ணி கடித்ததைச் சொல்லிவிடுங்கள்.