ஓர் எழுத்து, இரண்டு எண்: ராக்கெட்டின் ஜாதகமே அதில்தான், தெரியுமா?

கப்பலூர் சுங்கச்சாவடியிலிருந்து தெற்கே ஓடும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரண்டு ராக்கெட் உலகங்கள் இருக்கின்றன, தெரியுமா? திருமங்கலம் தாண்டி விருதுநகரில் மேற்கே திரும்பினால் சிவகாசி, தீபாவளி ராக்கெட்டின் ஊர். திரும்பாமல் நெல்லை, நாங்குநேரி கடந்து பணகுடிப் பக்கம் போனால் மகேந்திரகிரி. விண்ணுக்குப் போகிற எஞ்சின்களை இஸ்ரோ தரையில் கட்டி வைத்து எரித்துப் பார்க்கும் மலையடிவாரம் அது! இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஏறக்குறைய ஒரு கிலோ எடையில், பாராசூட்டோடு பறந்து, பத்திரமாகத் திரும்பி, மறுபடியும் பறக்கிற மாதிரி ராக்கெட். அதற்கு எந்த மோட்டாரைப் போடுவது என்ற ஒரே ஒரு கேள்விக்குள் எத்தனை அதிசயங்கள்!

மோட்டாரின் மேல் 'எஃப்50-6' என்று அச்சிட்டிருக்கும். எழுத்து, மோட்டார் தரும் மொத்தக் கணத்தாக்கைச் சொல்கிறது. அதாவது தள்ளும் விசையையும் தள்ளும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. 50 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 6, எரிபொருள் தீர்ந்த பிறகு எத்தனை விநாடி கழித்துப் பாராசூட் வெளியே தள்ளப்படும் என்பது. அவ்வளவுதான்!

அந்த எழுத்து ஒவ்வொரு படி ஏறும்போதும் சக்தி இரட்டிப்பாகிறது, தெரியுமா? 'ஏ' வகையின் உச்சம் 2.5 நியூட்டன் விநாடி. 'பி' என்றால் 5, 'சி' என்றால் 10. இப்படியே போய் 'ஜி' வரும்போது 160! ஏழாவது எழுத்துக்குள் 64 மடங்கு! ஈ, எஃப், ஜி ஆகிய மூன்றும்தான் நடுத்தர சக்தி வகை. இதே கணக்கை விடாமல் 'இசட்' வரை ஓட்டினால் உச்சம் சுமார் 8.4 கோடி நியூட்டன் விநாடி. நம் பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்ட மோட்டார் சுமார் 139 டன் திட எரிபொருளை எரித்து 30 கோடிக்கு மேல் தருகிறது. ஆங்கில எழுத்துகள் 26-ம் தீர்ந்த பிறகும் அதற்கு எழுத்து போதாது!

சரி, ஒரே எழுத்து இருந்தால் இரண்டு மோட்டாரும் ஒன்றுதானே? இல்லவே இல்லை! ஒரே கணத்தாக்கு, 60 நியூட்டன் விநாடி என்று வைத்துக்கொள்வோம். எஃப்15 அதை 4 விநாடி எரிந்து நிதானமாகக் கொடுக்கும். எஃப்50 ஒரு விநாடிக்குச் சற்று மேல் எரிந்து மொத்தத்தையும் கொட்டிவிடும். இங்கேதான் உயிர்நாடி இருக்கிறது. கிளம்பும்போதுள்ள எடையைப் போலக் குறைந்தது ஐந்து மடங்கு உந்துவிசை வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லாரும் மதிக்கிற கணக்கு. மோட்டாரோடு சேர்த்து ஒரு கிலோ என்றால் எடை சுமார் 10 நியூட்டன். ஆகவே 50 நியூட்டன் தேவை. எஃப்15 அதில் பாதியைக்கூட எட்டாது.

எட்டாவிட்டால் என்ன ஆகும்? ராக்கெட்டின் வால் சிறகுகள் காற்று வேகமாக ஓடினால்தான் வேலை செய்யும். அதுவரை அதை நேராகப் பிடித்திருப்பது ஏவுதளக் கம்பி மட்டுமே. கம்பி 1.8 மீட்டர் என்று வைத்துப் பாருங்கள். எஃப்15 போட்டால் அந்த ஒரு கிலோ ராக்கெட் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் கம்பியை விட்டு வெளியே வரும். எஃப்50 என்றால் சுமார் 43. ஜி80 என்றால் 57! மதுரைச் சீமையில் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. ஆடி மாதம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று எப்படிப்பட்டது என்று கப்பலூர் பொட்டலில் நின்றவர்களுக்குத் தெரியும். மெதுவாகக் கிளம்பும் ராக்கெட்டின் வாலை அந்தக் காற்று தள்ளிவிட, மூக்கு காற்று வரும் திசைக்கே திரும்பி, வானத்துக்குப் போக வேண்டியது வயலுக்குப் போய்விடும். எழுத்தைவிட நடு எண்தான் முதலில் பார்க்க வேண்டியது என்று நான் அடித்துச் சொல்வேன்.

கடைசி எண்ணும் லேசுப்பட்டது அல்ல! அந்த ஒரு கிலோ ராக்கெட், எஃப் வகையின் உச்சத்தை நெருங்கும் எஃப்50-ல் எரிந்து முடியும்போது, தரையிலிருந்து 50 மீட்டர் உயரம்கூடத் தாண்டியிருக்காது. ஆனால் அதற்குப் பிறகும் ஐந்து விநாடிக்கு மேல் எரிபொருளே இல்லாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது! மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைப் போல மூன்று மடங்கு உயரம் போய், ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில்தான் பாராசூட் விரிய வேண்டும். முந்தினால் வேகத்தில் துணி கிழியும். பிந்தினால் தலைகீழாக வந்து மண்ணில் குத்தும். எடை கூடினால் குறைந்த எண், லேசான ராக்கெட்டுக்குப் பெரிய எண்.

அப்படியானால் இருப்பதிலேயே பெரிய மோட்டாரைப் போட்டுவிடலாமா? கூடாது, ஏன் தெரியுமா? மோட்டார் உட்காருவது வாலில். அது கனத்தால் ராக்கெட்டின் எடை மையம் பின்னால் நகரும். காற்றின் தள்ளல் குவியும் புள்ளிக்கு முன்னால், குழலின் விட்டத்தைப் போல ஒரு மடங்காவது தள்ளி எடை மையம் இருக்க வேண்டும். அந்த இடைவெளி தொலைந்தால் ராக்கெட் ஆகாயத்தில் கரணம் அடிக்கும். சிவகாசி ராக்கெட்டில் நீளக் குச்சி இருக்கிறதே, அது போத்தலில் நிறுத்தி வைக்க மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிறகு செய்கிற வேலையைச் செய்வதே அந்தக் குச்சிதான்!

மோட்டாரின் உறையும் வரலாறு படைத்திருக்கிறது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைக் கலங்கடித்த மைசூர் ராக்கெட்டுகள் இரும்புக் குழல் கொண்டவை. இரும்பு, உள்ளே அதிக அழுத்தத்தைத் தாங்கியது. ஆகவே தூரம் போனது. மாதிரி ராக்கெட்டில் இது தலைகீழ்! சிறிய மோட்டார்களுக்குக் காகித உறை. வெடித்தாலும் இரும்புச் சில்லு பறக்கக்கூடாது என்பதற்காக. அந்தக் காகித மோட்டாரை இயந்திரத்தில் அச்சடித்தாற்போல் செய்யத் தொடங்கியவர் அமெரிக்காவின் வெர்ன் எஸ்டஸ், 1950-களின் இறுதியில். அவரும் பட்டாசுத் தொழில் குடும்பத்துக்காரர்தான்!

பெரிய மோட்டார்களில், சிறியவற்றில் எரியும் கருமருந்துக்குப் பதில் அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் போன்ற பிசினில் பிணைத்த கலவை எரிகிறது. கிராமுக்குக் கிராம் பார்த்தால் கருமருந்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பலம். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் எரிவதும் இதே குடும்பம்!

இஸ்ரோவும் ஒவ்வொரு முறையும் மோட்டார் தேர்வு செய்கிறது, தெரியுமா? பி.எஸ்.எல்.வி.யின் இடுப்பில் கட்டும் பக்க மோட்டார்கள் சுமையைப் பொறுத்து மாறும். சந்திரயான்-1 போன 2008-இல் ஆறு. 2019 ஜனவரியில், சென்னை மாணவர்கள் செய்த 1.2 கிலோ கலாம்சாட்டும் ஏறிய பயணத்துக்கு இரண்டே இரண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் நான்கு. சுமை லேசானால் ஒன்றுமே இல்லாமலும் பறந்திருக்கிறது! வேண்டியதற்கு மேல் ஒரு மோட்டார்கூடக் கட்டுவதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், மாணவர்களே: வீட்டில் மருந்து கலக்காதீர்கள். சிவகாசி எத்தனை உயிர்களை இதற்குக் கொடுத்திருக்கிறது! 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் உரிமம் கேட்கிறது. கப்பலூரிலிருந்து மதுரை விமான நிலையமோ கூப்பிடு தூரம். அனுமதி இல்லாமல் அந்த வானத்தில் எதையும் ஏவக்கூடாது. கல்லூரி வழியாக, அனுமதியோடு, தேர்ந்தவர்கள் முன்னிலையில் செய்யலாம். 2023 பிப்ரவரியில் பட்டிபுலம் கடற்கரையிலிருந்து மாணவர்களின் 150 குட்டிச் செயற்கைக்கோள்களைச் சுமந்து ஒரு ராக்கெட் கிளம்பியதே! அதில் இருந்தது கலப்பின மோட்டார். எரிபொருள் திடம், அதை எரிக்கும் ஆக்சிஜனேற்றி தனித் தொட்டியில்.

மோட்டாரைப் பெரிதாக்காமல் இடத்தை மாற்றியே சக்தியை மிச்சம் பிடிக்கலாம் என்பது தெரியுமா? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்துதான் போக வேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவே பெரும் சுமை. குலசேகரப்பட்டினத்திலிருந்து கிளம்பினால் நேர் தெற்கே கடல்தான்! 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே, 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆர்.எச்.-200 என்ற சிறு ராக்கெட் ஒன்றையும் அங்கிருந்து பறக்கவிட்டார்கள்!