ஏழு அருவி, 11 கொண்டை ஊசி வளைவு... கூடவே நகரும் ஒரு மலை! நார்வேயின் கெய்ராங்கர் ஃபியோர்டில் என்ன இருக்கு?

ஒரு மலை சரிந்து கடலுக்குள் விழுகிறது. பத்தே நிமிடத்தில் ராட்சத அலை ஒன்று ஊருக்குள் புகுந்துவிடுகிறது. 2015-இல் வெளியான 'தி வேவ்' என்ற நார்வே படத்தின் கதை இது. கதைதான் கற்பனை. அந்த ஊர், அந்த மலை, அந்தப் பத்து நிமிடக் கணக்கு மூன்றுமே நிஜம்!

அந்த ஊரின் பெயர் கெய்ராங்கர். இவ்வளவு ஆபத்து இருந்தும் ஒவ்வொரு கோடையிலும் உலகம் முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் அங்கே போகிறார்கள். அப்படி அங்கே என்னதான் இருக்கு? வாங்க, பார்க்கலாம்.

ஃபியோர்டு என்றால் என்ன?

பார்த்தால் மலைகளுக்கு நடுவே ஓடும் ஆறு மாதிரிதான் இருக்கும். ஆனால், அது கடல். பனியுகத்தில் இந்தப் பகுதியை மூடியிருந்த பனியாறுகள் மெல்ல நகர்ந்து நகர்ந்து பாறையைக் குடைந்தன. அதனால் பள்ளத்தாக்குகள் ஆங்கில 'யு' எழுத்து வடிவத்தில் ஆழமாகிவிட்டன. பனி உருகியதும் அந்தப் பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. அதுதான் ஃபியோர்டு.

நார்வேயில் இதுபோல நிறைய உண்டு. மிக நீளமான சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டரைத் தாண்டும், ஆழம் 1,300 மீட்டருக்கும் மேல். அதோடு ஒப்பிட்டால் கெய்ராங்கர் சின்னது, நீளம் வெறும் 15 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு பக்கமும் மலைகள் சுவர் மாதிரி நிற்கும். 2005-இல் இதையும் நேரோய் ஃபியோர்டையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

என்னென்ன பார்க்கலாம்?

முதல் இடம் 'ஏழு சகோதரிகள்' அருவிக்குத்தான். ஒரே மலை முகட்டிலிருந்து ஏழு கோடுகளாகத் தண்ணீர் விழும். எதிர்க்கரையில் தனியாக விழும் அருவிக்குப் பெயர் 'மாப்பிள்ளை'. ஏழு பெண்களிடமும் கேட்டுப் பார்த்தாராம், யாரும் சம்மதிக்கவில்லை. அந்த விரக்தியில் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஊரில் கதை சொல்வார்கள். அந்த அருவியின் நடுவே பாட்டில் போல ஒரு வடிவம் தெரிவதுதான் இந்தக் கதைக்குக் காரணம். ஒரு டிப்ஸ்: பனி உருகும் கோடைத் தொடக்கத்தில் போனால்தான் ஏழு பேரையும் பார்க்கலாம். கோடை முடியும்போது தண்ணீர் குறைந்து சில சகோதரிகள் காணாமல் போய்விடுவார்கள்.

கெய்ராங்கரிலிருந்து ஹெல்லெசில்ட் என்ற ஊருக்குச் செல்லும் ஃபெரியில் ஏறினால், சுமார் ஒரு மணி நேரத்தில் இதையெல்லாம் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

மேலிருந்து பார்க்க ஆசையா? 'கழுகுப் பாதை' என்ற மலைச் சாலையில் 11 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி வளைவிலிருந்து சுமார் 600 மீட்டர் கீழே ஃபியோர்டு தெரியும். இன்னும் உயரம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரமுள்ள தால்ஸ்நிபா சிகரம் வரைக்கும் காரிலேயே போகலாம். கீழே வெயில் அடித்தாலும் மேலே பனி கிடக்கும், ஸ்வெட்டரை மறந்துடாதீங்க. குளிர்காலத்தில் இந்தச் சாலையை மூடிவிடுவார்கள்.

நடக்கவும் துடுப்பு போடவும்...

கயாக் படகில் துடுப்பு போட்டு அருவிகளுக்கு அருகே போகலாம். ஸ்டோர்செட்டர் அருவிக்கு நடந்து போனால், விழும் தண்ணீருக்குப் பின்பக்கம் நின்று பார்க்கலாம்.

கொஞ்சம் கஷ்டமான மலையேற்றம் வேண்டுமென்றால் ஸ்காகெஃப்ளோ. படகில் போய் இறங்கி, செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் சுமார் 250 மீட்டர் ஏறினால் மலைவிளிம்பில் ஒரு பழைய பண்ணை வீடு வரும். ஒரு காலத்தில் ஆடு வளர்த்து நன்றாக வாழ்ந்த குடும்பங்கள் இங்கே இருந்தன. குழந்தைகள் தவறி விழாமல் இருக்கக் கயிற்றில் கட்டி வைப்பார்களாம். வரி வசூலிக்க ஆள் வந்தால், ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள் என்றும் சொல்கிறார்கள்! 1916-இல் கடைசியாக இருந்தவர்களும் காலி செய்துவிட்டார்கள். நார்வே மன்னர் ஹரால்டும் ராணி சோன்யாவும் 1993-இல் தங்கள் திருமண வெள்ளி விழாவைக் கொண்டாடியது இங்கேதான்.

டென்ட் போட்டுத் தங்கவும் அனுமதி உண்டு. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நார்வேயில் விவசாயம் செய்யாத திறந்தவெளியில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், தங்கலாம். வீடுகளிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது முக்கிய விதி.

சரி, அந்த மலை விவகாரம்?

பக்கத்து ஃபியோர்டின் கரையில் இருக்கிறது ஓக்னெஸ் மலைச்சரிவு. அதில் பல நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல். பாறை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மிக மோசமான கணக்கின்படி 5 கோடி கன மீட்டருக்கும் மேலான பாறை மொத்தமாகச் சரியலாம். அப்படி நடந்தால் ஹெல்லெசில்ட்டை ஐந்து நிமிடத்திலும் கெய்ராங்கரைப் பத்து நிமிடத்திலும் அலை தொட்டுவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1934 ஏப்ரல் 7 அதிகாலை, இதே பகுதியில் உள்ள தாஃபியோர்டில் பாறை சரிந்தது. 60 மீட்டருக்கும் மேல் எழும்பிய அலையில் 40 பேர் இறந்தார்கள். அப்போது எச்சரிக்க யாரும் இல்லை.

இப்போது நிலைமை வேறு. ஜிபிஎஸ், ரேடார், பாறைக்குள் துளையிட்டு இறக்கிய கருவிகள் என ஓக்னெஸ்ஸை 24 மணி நேரமும் கண்காணிக்கிறார்கள். பெரிய பாறை சரிவதற்கு முன்னால் நகரும் வேகம் கூடும். அதை வைத்து முன்கூட்டியே மக்களை வெளியேற்ற முடியும் என்பதுதான் திட்டம்.

இது பலிக்குமா? அதே வட்டாரத்தில் வெஸ்லெமன்னன் என்ற மலைப்பகுதி ஒரு பதில் சொல்கிறது. 2014 முதல் 2019 வரை அதன் அடிவாரத்தில் இருந்தவர்களை 16 முறை வெளியேற்றினார்கள். ஒவ்வொரு முறையும் மலை விழவில்லை, மக்கள் வீடு திரும்பினார்கள். கடைசியில் 2019 செப்டம்பர் 5 இரவு அது சரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. 15 முறை 'வீணாக' வீட்டைவிட்டுக் கிளம்பியவர்கள், 16-வது முறையும் சொன்னதைக் கேட்டார்கள்.

கப்பல்களுக்கும் கடிவாளம்

சில நூறு பேர் மட்டுமே வாழும் கெய்ராங்கருக்கு ஒரே கப்பலில் சில ஆயிரம் பேர் வந்து இறங்குவதுண்டு. காற்றோட்டம் குறைவான நாட்களில் கப்பல் புகை மலைகளுக்கு நடுவே அப்படியே தேங்கி நிற்கும். அதனால் பாரம்பரிய ஃபியோர்டுகளுக்குள் மாசில்லாக் கப்பல்கள்தான் வர வேண்டும் என்று நார்வே நாடாளுமன்றம் 2018-இல் முடிவெடுத்தது. 10,000 டன்னுக்குக் குறைவான பயணிகள் கப்பல்களுக்கு 2026 ஜனவரி முதல் விதி அமலாகிறது. பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு: மழைக்கோட்டு, நல்ல ஷூ கட்டாயம். கோடையிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும், கயாக்கில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீங்க. ஊரில் சைரன் ஒலித்தால் செல்ஃபியை விட்டுவிட்டு உள்ளூர்க்காரர்கள் எந்தப் பக்கம் ஏறுகிறார்களோ, அந்தப் பக்கம் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.