வேலை வேண்டாம் என்று எழுதிய தத்துவவாதி

"சும்மா தத்துவம் பேசாதப்பா"ன்னு நம்ம ஊர்ல சொன்னா, உதவாத பேச்சு பேசாதேன்னு அர்த்தம். ஆட்டோவுக்குப் பின்னாடி எழுதியிருக்கிற வரியும் நமக்குத் தத்துவம்தான். அப்போ தத்துவவாதின்னா யாரு? கல்லூரியில் அந்தப் பாடம் எடுக்கிறவரா? இந்தக் கேள்வியை இன்னைக்கு ஒரே ஒரு ஆளை வைத்துப் பார்க்கலாம். பாரூக் ஸ்பினோசா. குறிப்பாக, அவருக்கு வந்த ஒரு வேலைக் கடிதம்.

1673 பிப்ரவரி. ஸ்பினோசாவுக்கு 40 வயது. நெதர்லாந்தில் ஹேக் நகரத்தில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். லென்ஸ் தேய்ப்பார்; நண்பர்கள் கொடுத்த உதவிப் பணமும் உண்டு. (பட்டினி கிடந்த துறவி மாதிரி சிலர் அவரைக் காட்டுவாங்க. அது மிகை.) அப்போது ஜெர்மனியிலிருந்து, ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் பதவி தருகிறோம் என்று கடிதம் வருகிறது. அழைப்பவர் அந்த நாட்டின் ஆட்சியாளர் கார்ல் லுட்விக்.

இது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். 1656 ஜூலையில், அவருக்கு 23 வயதாக இருந்தபோது, ஆம்ஸ்டர்டாமின் யூத சமூகம் அவரை விலக்கி வைத்தது. யாரும் அவரோடு பேசக் கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது. இத்தனைக்கும் அவர் அப்போது ஒரு புத்தகம்கூட வெளியிட்டிருக்கவில்லை! அப்படி ஊர் ஒதுக்கிய ஒரு மனிதருக்குத்தான் இப்போது பதவியும் மரியாதையும் வீடு தேடி வருகின்றன.

கடிதத்தில் ஒரு வரி இருந்தது. தத்துவம் பேச முழுச் சுதந்திரம் உண்டு. நாட்டில் நிலைபெற்ற மதத்தைக் குலைக்க அதை நீங்கள் பயன்படுத்த மாட்டீர்கள் என்று ஆட்சியாளர் நம்புகிறார். ரொம்ப நாகரிகமான வரி. அந்தக் காலத்துக்கு ரொம்ப தாராளமான வரியும்கூட.

ஸ்பினோசா ஒரு மாதத்துக்கு மேல் யோசித்து, மார்ச் 30ஆம் தேதி மறுத்து எழுதினார். அவர் சொன்ன காரணம் இரண்டு. மாணவர்களுக்குப் பாடம் நடத்தினால் என் சொந்தத் தேடல் நின்றுவிடும் என்பது ஒன்று. அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை என்பது இன்னொன்று.

எனக்கு இரண்டாவது காரணம்தான் முக்கியமாகப் படுகிறது. எல்லை இதுதான் என்று கோடு போட்டுக் காட்டியிருந்தால்கூட ஒருவர் அதற்குள் நின்றுகொள்ளலாம். காட்டாமல் விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு வாக்கியம் எழுதும்போதும் 'இது தாண்டிடுச்சோ'ன்னு மனசு கணக்குப் போடும். வெளியிலிருந்து யாரும் தடுக்க வேண்டாம், நாமே தடுத்துக்குவோம். கேள்வி எங்கே போகும் என்பதை முன்கூட்டியே வாக்குக் கொடுக்க முடியாதவர்தான் தத்துவவாதி என்று நான் நினைப்பது இதனால்தான்.

"அப்போ அவர் பெரிய வீரரா?" அப்படியும் சொல்ல முடியாது. 1670இல் அவர் எழுதிய மதமும் அரசியலும் பற்றிய நூலில் ஆசிரியர் பெயரே கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்த நூலில் ஹாம்பர்க் என்று போட்டிருந்தது. அவருடைய முத்திரையில் இருந்த லத்தீன் சொல்லுக்கே 'எச்சரிக்கையாக இரு' என்றுதான் பொருள். வாழ்நாள் உழைப்பான 'எதிக்ஸ்' நூலை 1675இல் அச்சிடப் போனவர், எதிர்ப்பு கிளம்புகிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்.

இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. சாக்ரடீஸ் விஷம் குடிக்கவில்லையா என்பார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். எப்போது வெளியிடுவது என்பதில் அவர் விட்டுக்கொடுத்தார். என்ன நினைப்பது என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. யாருக்கும் பிடிக்கும்படி அந்த நூலை மாற்றி எழுதி அச்சுக்கு அனுப்பியிருக்கலாம், அதைச் செய்யவில்லை. அது அவர் கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது.

1677 பிப்ரவரியில், 44 வயதில் இறந்தார். அதே வருஷம் நண்பர்கள் நூலை அச்சிட்டார்கள். அட்டையில் முழுப் பெயர் இல்லை, முதலெழுத்துகள் மட்டும். அடுத்த வருஷமே தடை வந்தது. அப்படி என்னதான் அதில் எழுதியிருந்தார் என்பதை அடுத்த எபிசோடில் பேசலாம்.