புகை இங்கே, வரி எங்கே?

வெளிமாநிலத்திலிருந்து இணையத்தில் வரவழைக்கும் சிகரெட்டின் வரி எந்த அரசின் கஜானாவுக்குப் போகிறது? புதுச்சேரியிலிருந்து ஒரு விளக்கம்

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம் வரும். அது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். இன்னும் சில கிலோமீட்டர் போனால் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு. மறுபடியும் புதுச்சேரி. கனகசெட்டிகுளத்தைக் கடந்தால் திரும்பவும் தமிழ்நாடு. ஒரே பேருந்துப் பயணத்தில் மூன்று முறை எல்லை மாறுகிறது. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன இந்தத் துண்டு துண்டான நிலப்படத்தில் வாழ்கிறவர்களுக்கு வரி வித்தியாசம் அன்றாட அனுபவம். பெட்ரோல் போட எந்தப் பக்கம் போக வேண்டும், மதுப்புட்டி எந்தப் பக்கம் மலிவு என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் சிகரெட் வாங்குவதற்காக யாரும் எல்லை தாண்டுவதில்லை. கோட்டக்குப்பத்துப் பெட்டிக்கடையிலும் முத்தியால்பேட்டைப் பெட்டிக்கடையிலும் சிகரெட்டுக்கு வரி விகிதம் ஒன்றுதான். பெங்களூரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ இணையம் வழியாக வரவழைத்தாலும் அதே விகிதம். அப்படியானால் அந்த வரிப்பணத்தை எந்த அரசு எடுத்துக்கொள்கிறது? விற்றவர் இருக்கும் மாநிலமா, வாங்கியவர் இருக்கும் மாநிலமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட இந்தியா அறுபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. கிடைத்த பதிலிலும் புதுச்சேரிக்கு ஒரு குறை இருக்கிறது.

அமெரிக்கா பட்ட பாடு

முதலில் இந்தச் சிக்கல் பெரிதாக வெடித்த இடத்தைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சிகரெட் வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிசௌரியில் ஒரு பாக்கெட்டுக்கு மாநில வரி 17 சென்ட்தான். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல் 5 டாலர் 35 சென்ட். இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் மலிவான இடத்திலிருந்து தபாலில் தருவிக்க ஆள் கிளம்பத்தானே செய்யும்?

அதைத் தடுக்க 1949இலேயே ஜென்கின்ஸ் சட்டம் வந்தது. வெளிமாநிலத்துக்கு சிகரெட் அனுப்பும் வியாபாரி, யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்ற பட்டியலை வாங்குபவரின் மாநில வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இணையம் வந்ததும் அது பலமிழந்தது. பல விற்பனையாளர்கள் பட்டியல் கொடுக்கவே இல்லை. பட்டியல் கிடைத்த இடங்களில் மாநில அரசுகள், மலிவு என்று நம்பி வாங்கிய வாடிக்கையாளர் வீட்டுக்கே பழைய வரி பாக்கிக்குக் கடிதம் அனுப்பின. 2005இல் கடன் அட்டை நிறுவனங்களோடு பேசி இத்தகைய விற்பனைக்குப் பணம் செல்லும் வழியை அடைத்தார்கள். 2010இல் வந்த ‘பேக்ட்’ சட்டம் சிகரெட்டை அரசுத் தபாலில் அனுப்புவதையே தடைசெய்தது. இணைய விற்பனையாளர் வாங்குபவரின் மாநில வரியைக் கட்டியே தீர வேண்டும் என்றும் ஆக்கியது.

புதுச்சேரியோடு உறவுள்ள பிரான்ஸ் இன்னும் கறாரான வழியை எடுத்தது. அங்கே புகையிலைச் சில்லறை விற்பனை அரசு உரிமம் பெற்ற கடைகளின் வழியாக நடக்கிறது. இணையத்தில் சிகரெட் வாங்குவதற்கே அனுமதி இல்லை.

நம் நாட்டில் சண்டை முன்பே நடந்தது

இணையம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் இதே வழக்கை இந்தியா நடத்திப் பார்த்துவிட்டது. விற்பனை வரி மாகாணங்களின் கையில் இருந்த வரி. 1939இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு, மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்டப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மற்ற மாகாணங்களும் தொடர்ந்தன. அப்போதே கேள்வி எழுந்தது: கல்கத்தா வியாபாரி பீகார்காரருக்குச் சரக்கு அனுப்பினால் வரி யாருக்கு?

சரக்கைப் பெற்றுக்கொள்ளும் மாநிலம் வரி போடலாம் என்று 1953இல் யுனைடெட் மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே ஒவ்வொரு மாநிலமும் தொலைதூர வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பத் தொடங்கியது. எத்தனை மாநிலங்களுக்குச் சரக்கு அனுப்புகிறாரோ, அத்தனை மாநிலங்களுக்கும் ஒரு வியாபாரி கணக்குக் காட்ட வேண்டிய நிலை வந்தது. கல்கத்தாவில் தடுப்பு மருந்து தயாரித்த பெங்கால் இம்யூனிட்டி நிறுவனம் பீகார் அரசின் நோட்டீஸை எதிர்த்து வழக்காடியது. 1955இல் ஏழு நீதிபதிகள் அமர்ந்து, நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பழைய தீர்ப்பை மாற்றினார்கள். மாறுபட்ட மூவரில் ஒருவர், சங்கீத உலகமும் நன்கறிந்த டி.எல். வெங்கடராம அய்யர்.

அதன் பிறகு 1956இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு மத்திய விற்பனை வரிச் சட்டம் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரியைச் சரக்கு புறப்படும் மாநிலமே வசூலித்து வைத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. பொருளைப் பயன்படுத்தும் ஊருக்கு அதில் ஒரு பைசா இல்லை.

சிகரெட்டுக்கு மட்டும் தனி ஒப்பந்தம் இருந்தது. 1957இல் இயற்றப்பட்ட கூடுதல் கலால் வரிச் சட்டத்தின்படி புகையிலை, சர்க்கரை, துணி ஆகியவற்றின் மீது மாநிலங்கள் விற்பனை வரி போடாமல் ஒதுங்கின. பதிலுக்கு மத்திய அரசு கூடுதல் கலால் வரி வசூலித்துப் பங்கு கொடுத்தது. ஐம்பது ஆண்டுகள் இந்த ஏற்பாடு நீடித்தது. 2007 ஏப்ரலில் மத்திய விற்பனை வரி விகிதம் 4இலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, அந்த இழப்புக்கு ஈடாக மாநிலங்கள் புகையிலைக்கு ‘வாட்’ வரி விதிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. 12.5 சதவீதத்தில் தொடங்கிய அது மாநிலத்துக்கு ஒரு வேகத்தில் ஏறியது. ராஜஸ்தானில் 65 சதவீதத்தைத் தொட்டது.

அமெரிக்காவின் சிக்கல் அந்தப் பத்தாண்டில்தான் இங்கே குடியேறியது. இணைய வணிகமும் அதே காலத்தில் வளர்ந்தது. வெளிமாநிலத்திலிருந்து வீட்டுக்கு நேராக வரும் பார்சலில் தங்கள் வரி பறிபோகிறது என்று குஜராத், உத்தராகண்ட் போன்ற மாநிலங்கள் இணையத்தில் வாங்கும் சரக்குகளுக்கு நுழைவு வரி போட்டன. வழக்குகள் குவிந்தன.

ஜிஎஸ்டி தந்த விடை

2017 ஜூலை 1 அன்று சரக்கு-சேவை வரியான ஜிஎஸ்டி வந்ததும் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி முடிந்தது. நுழைவு வரிக்கு இடம் தந்த அரசமைப்புப் பிரிவும் எடுக்கப்பட்டுவிட்டது. ஜிஎஸ்டியின் அடித்தளம் ஒரே வரியில் சொல்லக்கூடியது: பொருள் எங்கே போய்ச் சேருகிறதோ, வரி அங்கே சேர வேண்டும்.

கணக்கை எளிதாகப் பார்ப்போம். சிகரெட்டுக்கு 2026 பிப்ரவரி 1 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். 100 ரூபாய் மதிப்புள்ள சரக்கைப் புதுச்சேரிக் கடைக்காரர் புதுச்சேரிக்காரருக்கு விற்றால், 20 ரூபாய் மத்திய ஜிஎஸ்டி, 20 ரூபாய் புதுச்சேரி ஜிஎஸ்டி. அதையே பெங்களூரு விற்பனையாளர் இணையம் வழியாகப் புதுச்சேரிக்கு அனுப்பினால் 40 ரூபாயும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியாக மத்திய அரசிடம் போகும். பிறகு அதில் 20 ரூபாய் புதுச்சேரிக் கணக்கில் வந்து சேரும். கர்நாடகத்துக்கு அதில் பங்கில்லை. டெல்லி, புதுச்சேரி போலச் சட்டப்பேரவை உள்ள யூனியன் பிரதேசங்கள் இந்தக் கணக்கில் மாநிலமாகவே நடத்தப்படுகின்றன. புதுச்சேரிக்கென்று தனி ஜிஎஸ்டி சட்டம் இருப்பது அதனால்தான்.

பில்லில் இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. விற்பனையாளரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. தமிழ்நாட்டுக்கு 33. புதுச்சேரிக்கு 34. அடுத்தடுத்த எண்கள், அடுத்தடுத்த தெருக்களைப் போல.

ஒருவர் சென்னையில் இருந்துகொண்டு புதுச்சேரியில் உள்ள அண்ணனுக்குப் பொருள் வாங்கி அனுப்பினால்? பணம் கட்டியவரின் முகவரி ஒன்று, பார்சல் போகும் முகவரி வேறு. 2024 ஜூனில் மத்திய மறைமுக வரி வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது: பதிவு பெறாத தனிநபருக்கு இணையம் வழியாக விற்கும்போது பொருள் சேரும் முகவரிதான் கணக்கு.

இடையில் நிற்கும் இணைய வணிகத் தளத்துக்கும் பொறுப்பு இருக்கிறது. விற்பனையாளருக்குப் பணம் கொடுக்கும் முன் 0.5 சதவீதத்தைப் பிடித்து அரசிடம் கட்ட வேண்டும். தொகை சிறிதுதான். ஆனால் யார் எவ்வளவு விற்றார் என்ற தடயம் அரசின் கையில் தானாக வந்து விழுகிறது. ஜென்கின்ஸ் சட்டம் கெஞ்சிக் கேட்ட பட்டியலின் வேலையில் ஒரு பகுதியை இது செய்துவிடுகிறது.

மது, பெட்ரோல், சாலை வரி: தொடரும் வித்தியாசம்

குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. இவற்றில் மாநில வரி ஊருக்கு ஊர் மாறும். கொரோனா காலத்தில், 2020 மே மாதம் மதுக்கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் வந்துவிடக் கூடாது என்று புதுச்சேரியில் சிறப்பு வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டு அளவுக்கு உயர்த்தினார்கள். 2021இல் அந்த வரி போனதும் பழைய வித்தியாசம் திரும்பியது. வரி சமமானால் எல்லையில் கூட்டம் கரையும் என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை வேண்டாம்.

சாலை வரியும் அப்படித்தான். கேரளத்தில் ஓடும் சொகுசுக் கார்களைப் புதுச்சேரி முகவரி காட்டி இங்கே பதிவுசெய்து, கேரளத்துக்குப் போக வேண்டிய பெருந்தொகையைத் தவிர்த்ததாக 2017இல் வழக்குகள் கிளம்பின. அங்கே இழந்த மாநிலம் கேரளம். வழியாக நின்றது நம் ஊர். வரி வித்தியாசத்தால் ஒரு ஊருக்கு வரும் கூட்டத்தில், இன்னோர் ஊரின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உரிய பணம் கலந்திருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்னும் அடைபடாத ஓட்டைகள்

சிகரெட்டில் இன்று பயப்பட வேண்டியது வெளிமாநில வியாபாரியைப் பார்த்து அல்ல. கலால் வரி தொழிற்சாலை வாசலிலேயே விழுந்துவிடுகிறது, ஜிஎஸ்டி நாடு முழுக்க ஒன்று. வரி தப்புவது கடத்தல் சரக்கில். துறைமுகத்தில் வேறு பொருளின் பெயரில் இறங்கும் வெளிநாட்டு சிகரெட் எந்த வரியும் கட்டாமல் சில்லறைக் கடைக்கு வருகிறது. சமூக ஊடகத்தில் ‘பாதி விலை’ என்று வரும் விளம்பரத்தின் பின்னால் இந்தச் சரக்கு இருக்கலாம். பாக்கெட்டின் முன், பின் பக்கங்களில் 85 சதவீத இடத்தில் படத்தோடு கூடிய எச்சரிக்கை இல்லையென்றால் அது சட்டப்படி இந்தியாவில் விற்கக்கூடியது அல்ல.

மின்சிகரெட்டுக்கு வரிக் கேள்வியே எழாது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் விற்பனை, இணைய விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சாதாரண சிகரெட்டின் நிலை வேறு. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது என்கிறது, கல்விக்கூடத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்கிறது. இணைய விற்பனையைப் பற்றி நேராக எதுவும் சொல்லவில்லை. பெருநகரங்களில் சில விரைவு விநியோகச் செயலிகள் மளிகையோடு சிகரெட்டையும் கொண்டுவந்து தருகின்றன. வாசலில் பார்சலை வாங்கும் கை எத்தனை வயதுப் பிள்ளையின் கை என்று அங்கே யார் பார்ப்பது? புகையிலைக் கள்ள வணிகத்தை ஒழிக்கும் உலகளாவிய உடன்பாட்டில் இந்தியா 2018இல் சேர்ந்தது. அதில் இணைய விற்பனைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நம் சட்டத்திலும் அப்படியொரு பிரிவு வந்தாக வேண்டும்.

புதுச்சேரியின் குறை

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தக் குறைக்கு வருவோம். 2026 ஜனவரி வரை சிகரெட்டின் மேல் 28 சதவீத ஜிஎஸ்டியோடு இழப்பீட்டு மேல்வரி என்ற ஒன்றும் இருந்தது. ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு நேரும் வருவாய் இழப்பை ஐந்தாண்டுகள் ஈடுகட்டவும், பிறகு அதற்காக வாங்கிய கடனை அடைக்கவும் அது பயன்பட்டது. அந்த இழப்பீட்டில் புதுச்சேரிக்கும் இடம் இருந்தது. பிப்ரவரி 1 முதல் மேல்வரி நின்றது. அதன் இடத்தில் ஆயிரம் சிகரெட்டுக்கு நீளத்தைப் பொறுத்து 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரை மத்திய கலால் வரி வந்தது.

கலால் வரி மாநிலங்களோடு பகிரப்படும் தொகுப்பில் சேரும். அந்தத் தொகுப்பில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போகும் என்பது நிதிக்குழு வகுத்த கணக்கு. ஆனால் நிதிக்குழு பார்ப்பது மாநிலங்களை மட்டும். யூனியன் பிரதேசமான புதுச்சேரி அந்தப் பந்தியில் இல்லை. மத்திய அரசு தனியாக ஒதுக்கும் மானியம்தான் இதற்கு. தங்களையும் நிதிக்குழுவில் சேர்க்க வேண்டும் என்பது புதுச்சேரியின் நெடுநாள் கோரிக்கை.

ஒரே சிகரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஜிஎஸ்டியைப் பிரிக்கும்போது புதுச்சேரி மாநிலம். அதன் கலால் வரியைப் பிரிக்கும்போது புதுச்சேரி மாநிலம் இல்லை. கோட்டக்குப்பத்தில் புகைத்தாலும் முத்தியால்பேட்டையில் புகைத்தாலும் கலால் வரியில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு, புதுச்சேரிக்கு நேரடிப் பங்கு கிடையாது. பொருள் சேரும் இடத்தில் வரி சேர வேண்டும் என்ற நல்ல கொள்கை, வரியின் ஒரு பாதியில் மட்டும் நடக்கிறது.

கோரிமேட்டில் புதுச்சேரி அரசின் மார்பு நோய் மருத்துவமனை இருக்கிறது. சற்றுத் தள்ளி எல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியபடி வருகிறவரிடம் அங்கே யாரும் ‘33ஆ, 34ஆ’ என்று கேட்பதில்லை. யார் வந்தாலும் படுக்கை கொடுக்கிறார்கள். சிகரெட்டுக்கு இவ்வளவு வரி போடுவதற்கு நாம் சொல்லும் நியாயம் அந்தப் படுக்கைகள்தான். அவற்றின் செலவைச் சுமக்கும் ஊருக்கு அந்த வரி முழுமையாகப் போய்ச் சேர வேண்டும்.