உறைக்குள் உறை

எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தை சில ஆண்டுகள் கீரனூரில் தபால் பைகளைப் பேருந்தில் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். பைக்குள் யாருடைய கடிதங்கள் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. பை திருச்சிக்கா, புதுக்கோட்டைக்கா என்று மட்டும் கேட்டுக்கொள்வார். வகுப்பில் ‘டன்னலிங்’, அதாவது சுரங்கவழி, என்ற பாடம் வந்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

சிறுசேரி போன்ற இடங்களிலுள்ள தரவு மையங்களில், ஒரே இயந்திரத்துக்குள் பல நிறுவனங்களின் மெய்நிகர்க் கணிப்பொறிகள் குடியிருக்கின்றன. ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழலாகாது. இருவரும் 10.0.0.5 என்ற ஒரே முகவரியை வைத்திருந்தாலும் குழப்பம் நேரலாகாது. இதற்கெனப் பயன்பட்ட வீலேன் எண்ணுக்கு 12 பிட்டுகளே உண்டு. ஆகவே 4094 குடித்தனங்களுக்கு மேல் இடமில்லை.

2014 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 7348 என்ற ஆவணமாக வெளியான வீ.எக்ஸ்.லேன் முறை 24 பிட் எண்ணைத் தந்தது. குடித்தனங்கள் 1,67,77,216 ஆயின! ஆவணத்தை எழுதிய எண்மரில் முதற்பெயர் எம். மகாலிங்கம், ஆறாவது டி. ஸ்ரீதர். எங்கள் தெருப் பெயர்களைப் படிப்பது போலிருந்தது.

முறை இதுதான். அனுப்பும் முனை, தகவல் பொட்டலத்தை அப்படியே எடுத்து, குடித்தன எண்ணைச் சேர்த்து, வெளியே புதிய முகவரி எழுதிய இன்னொரு உறையில் இடுகிறது. வழியிலுள்ள திசைவிகள் வெளிமுகவரியை மட்டுமே பார்க்கின்றன. மறுமுனை உறையைப் பிரித்து, உள்ளிருப்பதை உரியவரிடம் சேர்க்கிறது. சுரங்கம் என்ற பெயரைக் கண்டு இதை இரகசியம் என்று எண்ணிவிடாதீர்கள், நண்பர்களே. பை கட்டப்பட்டிருக்கிறதே தவிர பூட்டப்படவில்லை. பூட்டு வேண்டுமானால் ஐபிசெக் போன்ற வேறொன்றைச் சேர்க்க வேண்டும்.

வெளியுறைக்கும் கனம் உண்டு: 50 பைட்டுகள். வழக்கமான பாதை 1500 பைட்டுகளைத்தான் ஏற்கும். உள்ளே 1500 பைட்டுப் பொட்டலம் இருந்தால் உறையோடு 1550 ஆகிவிடும். அது வழியிலேயே சத்தமின்றிக் கைவிடப்படலாம். சிறியவை மட்டும் தடையின்றிப் போய்ச் சேரும்.

சென்ற ஆண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு கணினிக் கடைக்குப் போனேன். பக்கம் திறந்தது, பெயரை ஏற்றது. சாதிச் சான்றிதழின் படத்தை அனுப்பியதும் அப்படியே நின்றுவிட்டது. மாலைவரை காத்திருந்தும் பயனில்லை. அன்றுதான் கடைசி நாள். காரணம் இதுவே என்று சாதிக்க மாட்டேன். ஆனால் இக்கோளாறின் அடையாளமும் அதுவே. பாதையின் அளவை 1550-க்கு உயர்த்தினாலும், உள்பொட்டலத்தை 1450-க்குக் குறைத்தாலும் கோளாறு தீரும். அன்று அக்கடையில் இதைச் சொல்ல யாருமில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.