யவனர் என்னும் சொல்லும் யுனானி மருத்துவமும்

பெங்களூருவில் மாகடி சாலையை ஒட்டிய கொட்டிகேபாளையாவில் தேசிய யுனானி மருத்துவ நிறுவனம் அமைந்துள்ளது. நடுவண் அரசும் கர்நாடக அரசும் இணைந்து 1984இல் தோற்றுவித்த இந்நிறுவனத்தில் யுனானி மருத்துவத்தின் முதுநிலைக் கல்வி கற்பிக்கப்படுகின்றது. தொடக்ககாலக் கிரேக்கச் சிந்தனையை நூல்வழி மட்டுமே அறியத்தக்க பழம்பொருளாகக் கருதுவோர் பலர். அச்சிந்தனையின் ஒரு கிளை இந்திய நகரொன்றில் இன்றும் நோயாளியின் நாடியைத் தொட்டுப் பயிலப்படுகின்றது என்பது ஆய்வாளர் கருதத்தக்கது.

சங்க இலக்கியம் கூறும் யவனர் என்னும் பெயரும் யுனானி என்னும் பெயரும் ஒரே மூலத்தின. ஆசியா மைனரின் மேலைக் கடற்கரையில் கிரேக்கர் வாழ்ந்த அயோனியா என்னும் நிலப்பகுதியே அம்மூலமாகும். பழம்பாரசீகத்தில் யவுன என வழங்கிய அப்பெயர், வடமொழியில் யவன என்றும் தமிழில் யவனர் என்றும் நிலைத்தது. அரபு மொழி கிரேக்க நாட்டை யூனான் என்றது. அதனடியாகப் பிறந்ததே யுனானி என்பது.

அயோனியாவின் மிலேட்டஸ் நகரில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேலீஸ், அனாக்சிமாண்டர், அனாக்சிமினீஸ் ஆகியோர் உலகத் தோற்றத்தை இயற்கையைக் கொண்டே விளக்க முற்பட்டனர். தேலீஸ் நீரையும் அனாக்சிமினீஸ் காற்றையும் முதற்பொருளாகக் கொண்டனர். பின்னர்ச் சிசிலித் தீவின் எம்பிடோக்ளீஸ் நிலம், நீர், காற்று, தீ ஆகிய நான்கே எல்லாப் பொருள்களுக்கும் வேர் என்றார். தென் இத்தாலியின் அல்க்மேயோன், ஈரம், வறட்சி, குளிர்ச்சி, வெப்பம் முதலிய ஆற்றல்கள் சமநிலையில் இருப்பதே உடல்நலம் என்றும், அவற்றுள் ஒன்று தனியாட்சி செலுத்துவதே நோய் என்றும் விளக்கினார்.

இக்கருத்துகள் மருத்துவத்திலும் வேர்கொண்டன. ஹிப்போகிரட்டீஸ் மரபைச் சார்ந்த ‘புனித நோய்’ என்னும் நூல், வலிப்பு நோயும் ஏனைய நோய்களைப் போன்றே இயற்கைக் காரணத்தால் வருவது என வாதிட்டது. ‘மனிதனின் இயல்பு’ என்னும் நூல் குருதி, கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என உடலின் நீர்மங்களை நான்காக வகுத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் இதனை விரித்துரைத்தார். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கேலனின் நூல்களைச் சிரியாக், அரபு மொழிகளில் பெயர்த்தார். இப்னு சீனா (980–1037) தம் ‘கானூன்’ நூலில் இவற்றைத் தொகுத்தமைத்தார். யுனானியில் இன்று வழங்கும் தம், பல்கம், சஃப்ரா, சவ்தா என்பன அந்நான்கு நீர்மங்களே. அவற்றுள் பல்கம் என்பது கோழையைக் குறிக்கும் ஃப்ளெக்மா என்னும் கிரேக்கச் சொல்லின் திரிபாகும்.

சித்த மருத்துவமும் சமநிலைக் கொள்கை உடையது. திருக்குறளின் மருந்து அதிகாரமும் காற்றை முதலாகக் கொண்ட மூன்றன் ஏற்றத்தாழ்வையே நோய்க்குக் காரணமாகக் கூறும். இவ்வொற்றுமை கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததெனத் துணிதல் பொருந்தாது. கிரேக்கர் பூதங்கள் நான்கு என, தமிழர் ஐந்து என்பர். சித்த மருத்துவத்தில் காற்று வாதமாக முக்குற்றங்களுள் ஒன்றாகின்றது. செந்நீரோ ஏழு உடற்கட்டுகளுள் வைத்து எண்ணப்படுகின்றது. கிரேக்க முறையில் குருதி தானே ஒரு நீர்மம். காற்றுக்குரிய வெப்பமும் ஈரமும் அக்குருதிக்கே உரியனவாகக் கூறப்படும். இவ்வேறுபாடு எண்ணிக்கையளவில் நிற்பதன்று. உடலைப் பகுத்து நோக்கும் முறையிலேயே அமைந்தது.

பண்டமாற்று நிகழ்ந்ததற்குச் சான்று உண்டு. முசிறியில் யவனர் பொன் தந்து மிளகு பெற்றதனை அகநானூறு (149) கூறுகின்றது. அதற்கும் முற்பட்ட ஹிப்போகிரட்டீஸ் மரபு நூல்களிலேயே மிளகு இந்திய மருந்தாகச் சுட்டப்படுகின்றது. ஆயினும் மருந்துச் சரக்கு கடல் கடந்தமையே கொள்கையும் கடந்தமைக்குச் சான்றாகிவிடாது. யுனானிக் கொள்கை இந்தியா வந்த வழி யவனர் மரக்கலங்கள் வந்த வழியன்று; அரபு, பாரசீக நூல்களின் வழியாகும். ஆதலின் சித்த மருத்துவத்தைக் கிரேக்க மருத்துவத்தோடு ஒப்பிடுவோர் சரக்கு, சொல், கொள்கை ஆகிய மூன்றன் வரலாற்றையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். அதற்குக் கிரேக்க நூல்களுடன், யுனானிப் பாட நூல்களின் கலைச்சொற்களும் துணைபுரியும்.