கருவி விவரிப்பைத் தெளிவாக எழுதுதல்

செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்று வேறு மென்பொருளிடம் வேலை வாங்கும் வாயிலே ஏ.பி.ஐ. ஆகும். 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறையில், கருவியின் பெயர், விவரிப்பு, உள்ளீட்டு அமைப்பு என்பன முகவருக்குத் தரப்படுகின்றன. முகவர் கருவியின் உள்ளே பார்ப்பதில்லை. இவற்றை வாசித்தே எதை அழைப்பதெனத் தீர்மானிக்கும்.

உதாரணமாக, படகு நேரம் கூறும் கருவியொன்றை எடுத்துக்கொள்வோம்.

தெளிவற்றது: "படகு விவரம் தரும்."

தெளிவானது: "குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு, நெடுந்தீவு செல்லும் படகுகளின் புறப்படும் நேரத்தைத் தரும். உள்ளீடு: தீவின் பெயர், திகதி (ஆண்டு-மாதம்-நாள்). நாகதீபம் என்றால் நயினாதீவு. டெல்ப்ட் என்றால் நெடுந்தீவு. கடல் கொந்தளிப்பால் சேவை நின்றதை அறியாது."

நினைவில் கொள்க:
1. கருவி என்ன செய்யும்?
2. எந்த உள்ளீடு, எந்த வடிவில்?
3. எதைச் செய்யாது?

மூன்றாவதையே பலர் விட்டுவிடுவர். விட்டால், கொந்தளிப்பு நாளிலும் "படகு உண்டு" என முகவர் சொல்லும். அதை நம்பிய அம்மம்மா துறையில் காத்து நிற்பார்.

பயிற்சி: ஊர்காவற்றுறை - காரைநகர் பாதைச் சேவைக்கு ஒரு விவரிப்பு எழுதுக. இங்கு 'பாதை' என்பது வீதியல்ல, மிதவை என்பது நமக்குத் தெரியும்; முகவருக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும்.